தொலைபேசி இணைப்பகத்தில் அழைப்பு நெரிசல்

தொலைபேசி இணைப்பகம் ஒன்றிற்கு அதன் கொள்ளளவைவிட மிகுதியான அழைப்புகள் ஒரே நேரத்தில் வந்து சேரும் நிலை அழைப்பு நெரிசல் எனப்படும். பண்டிகை நாள்களிலும், நிலநடுக்கம், வெள்ளம் போன்ற பேரிடர்களின்போதும் இது ஏற்படுகிறது. நெரிசலை முற்றிலும் தவிர்க்க இயலாது. ஆனால் எந்த அழைப்பை மறுப்பது, எந்த இடத்தில் மறுப்பது என்பதை முறைப்படுத்தினால் மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் ஆகியவற்றுக்கான இன்றியமையாத அழைப்புகளைக் காக்க முடியும்.

காரணம்

ஓர் ஊரில் 10,000 தொலைபேசிகள் இருந்தாலும் அவை அனைத்தும் ஒரே நேரத்தில் பயன்படுத்தப்படுவதில்லை. எனவே இணைப்பகங்களுக்கு இடையே 10,000 தடங்கள் அமைக்கப்படுவதில்லை. நாளின் மிகப் பரபரப்பான ஒரு மணி நேரத்தில் எத்தனை அழைப்புகள் வரும் என்று கணித்து, அதற்கேற்பவே தடங்கள் அமைக்கப்படுகின்றன. எல்லாத் தடங்களும் நிரம்பியபின் வரும் அழைப்பு இணைப்புப் பெறாது.

எர்லாங் கணக்கு

இதற்கான கணிதத்தை வகுத்தவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த அக்னர் கிராருப் எர்லாங் (1878–1929). இவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றினார். இத்துறையில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 1909-இல் வெளியானது. தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகு அவர் பெயராலேயே எர்லாங் என அழைக்கப்படுகிறது. ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுவதும் பயன்பாட்டில் இருந்தால் அது 1 எர்லாங் ஆகும்.

எடுத்துக்காட்டாக, 10 தடங்கள் உள்ள வழியில் ஒரு மணி நேரத்தில் 100 அழைப்புகள் வருவதாகவும், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் நீடிப்பதாகவும் கொள்வோம். மொத்தம் 300 நிமிடம், அதாவது 5 எர்லாங். எர்லாங் சூத்திரத்தின்படி இவற்றில் ஏறத்தாழ 2 அழைப்புகள் மட்டுமே இணைப்புப் பெறாமல் போகும். அதே வழியில் 200 அழைப்புகள் வந்தால் ஏறத்தாழ 43 அழைப்புகள் தோல்வியடையும். அழைப்புகள் இரு மடங்கானால் தோல்விகள் இருபது மடங்குக்கும் மேல் ஆகின்றன.

மறுமுயற்சியின் விளைவு

நடைமுறையில் நிலைமை இதைவிட மோசமாகும். இணைப்புக் கிடைக்காதவர் உடனே மீண்டும் டயல் செய்வார். ஒவ்வொரு முயற்சிக்கும் டயல் டோன் தருதல், எண்ணைப் பெறுதல், வழி தேடுதல் ஆகிய வேலைகளை இணைப்பகத்தின் கட்டுப்பாட்டுக் கணினி செய்தாக வேண்டும். பேசி முடிக்கப்படும் அழைப்புக்கு மட்டுமின்றி, தோல்வியடையும் அழைப்புக்கும் இந்த உழைப்பு செலவாகிறது. முயற்சிகள் பெருகும்போது கணினியின் நேரம் பெரும்பாலும் வீண் முயற்சிகளிலேயே கழிந்து, நிறைவேறும் அழைப்புகளின் எண்ணிக்கை குறையத் தொடங்குகிறது. நெரிசல் அண்டை இணைப்பகங்களுக்கும் பரவுகிறது.

கட்டுப்படுத்தும் முறைகள்

நிறைவேற வாய்ப்பில்லாத அழைப்பை அது புறப்படும் இடத்துக்கு அருகிலேயே நிறுத்திவிட வேண்டும் என்பதே அடிப்படைக் கொள்கை.

* இடைவெளி விடுதல்: நெரிசலுக்கு உள்ளான ஊரின் குறியீட்டுக்கு, குறிப்பிட்ட நொடிகளுக்கு ஓர் அழைப்பு வீதம் மட்டுமே புறப்படும் இணைப்பகம் அனுமதிக்கும்.
* மாற்று வழியைக் குறைத்தல்: சாதாரண நாள்களில் நேர்வழி நிரம்பினால் அழைப்பு சுற்றுவழியில் அனுப்பப்படும். சுற்றுவழி அழைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகளில் தடம் பிடிப்பதால், கடும் நெரிசலில் இது நிறுத்தப்படும்.
* தட ஒதுக்கீடு: பாதிக்கப்பட்ட பகுதியிலிருந்து வெளியே செல்லும் அழைப்புகளுக்கெனச் சில தடங்கள் விட்டு வைக்கப்படும்.
* முன்னுரிமை: காவல்துறை, மருத்துவமனை போன்றவற்றின் இணைப்புகள் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்படும்.

கோபே நிலநடுக்கம்

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உறவினரின் நலம் அறிய நாடெங்கிலுமிருந்து மக்கள் அழைத்ததால், அப்பகுதிக்கான அழைப்புகள் வழக்கமான உச்ச அளவைப் போல் ஏறத்தாழ 50 மடங்காயின. உதவி கேட்கும் அழைப்புகளும் நலம் கேட்கும் அழைப்புகளும் ஒரே தடங்களுக்குப் போட்டியிட்டன.

இந்த அனுபவத்தின் அடிப்படையில் 1998-இல் ‘171’ என்னும் பேரிடர்ச் செய்திச் சேவை தொடங்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் 171-ஐ அழைத்துத் தம் தொலைபேசி எண்ணின்கீழ் 30 நொடிச் செய்தியைப் பதிவு செய்யலாம். உறவினர் அதே எண்ணை அழுத்தி அதைக் கேட்கலாம். செய்திகள் பல பகுதிகளில் உள்ள மையங்களில் சேமிக்கப்படுவதால், நலம் கேட்கும் அழைப்புகள் பாதிக்கப்பட்ட ஊரில் குவிவதில்லை. மக்கள் பழகிக்கொள்வதற்காக ஒவ்வொரு மாதமும் 1, 15 ஆகிய நாள்களில் இச்சேவையைச் சோதித்துப் பார்க்கலாம். ஜப்பானில் பொதுத் தொலைபேசிகளுக்கும் பேரிடர்க் காலத்தில் முன்னுரிமை உண்டு.