இரண்டு உயிருக்கு எவ்வளவு சாப்பாடு?

"இனி நீ இரண்டு பேருக்குச் சாப்பிடவேணும்." இந்த வார்த்தையைக் கேட்காத கர்ப்பவதி எங்கள் ஊர்களில் இருக்கமாட்டாள். வன்னியில் இதற்குப் பின்னால் ஒரு காலமும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்மார் பலர் இன்று மாமியார்கள். அன்று அவர்களின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமிகள் இன்று பிள்ளைத்தாச்சிகள். பசியைக் கண்டவள் மகளின் கோப்பையை நிரப்பாமல் என்ன செய்வாள்?

நான் வைத்தியர் அல்ல, சமூகவியல் படித்தவள். வீடு வீடாகப் போவது என் வேலை. கிளிநொச்சி மாவட்டத்தில் நான் போய்வந்த ஒரு வீட்டில், ஏழாம் மாதத்திலேயே மருமகளுக்குப் பதினேழு கிலோ கூடியிருந்தது. கர்ப்பத்துக்கு முன்பே அவள் சற்று நிறை கூடியவள். காலையில் மூன்று கரண்டி சீனி போட்ட பால்மாத் தேத்தண்ணி, இடையில் பிஸ்கற், மத்தியானம் இரண்டு தரம் சோறு, பின்னேரம் பணிஸ். குறைக்கச் சொல்லி மருத்துவமாது இரண்டு தடவை சொல்லியிருந்தார். மாமியார் கேட்கவில்லை.

"என்ர மகன் தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வுக்குள்ள பிறந்தவன் பிள்ளை. ரெண்டு கிலோவும் இல்லை. பேரப்பிள்ளையும் அப்பிடி வரவேணுமோ?" என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்த மகனுக்கு முப்பது வயதாகும் முன்பே சலரோகம் வந்துவிட்டது என்பதையும் அவரே சொன்னார். ஆனால் இரண்டையும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

கருவில் பட்ட பசி பிள்ளை வளர்ந்த பின்பும் உடலில் தங்கலாம். 1944-45 குளிர்காலத்தில், ஜேர்மன் படைகள் பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில் கொடிய பஞ்சம் வந்தது. அப்போது கர்ப்பத்தின் முதற்பாதியில் கருவாக இருந்த ஆண்பிள்ளைகளைப் பத்தொன்பது வயதில் படைச்சேவைக்காகப் பரிசோதித்தபோது, அவர்களிடையே உடற்பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. 1976இல் வெளியான ஆய்வு இது. இந்தியாவில் புனே நகரை அண்டிய கிராமங்களில், சின்னதாகப் பிறக்கும் குழந்தைகளின் உடலிலும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறைவதில்லை என்று கண்டார்கள். பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கும் இது அந்நியமான செய்தி அல்ல.

அப்படியென்றால் நிறையக் கொடுத்து ஈடுசெய்யலாமா? அங்கேதான் சிக்கல். தாயின் இரத்தத்தில் சீனி கூடினால் அது தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கும் போகிறது. பிள்ளையின் உடல் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து அந்தச் சீனியைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கிறது. "அது பரம்பரை, தாய் மாதிரித்தானே பிள்ளை" என்று சொல்வோர் உண்டு. அதற்காகவே அமெரிக்காவில், ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட தாய்மாரின் பதிவுகளை வைத்து, ஒரே தாயின் வெவ்வேறு கர்ப்பங்களை ஒப்பிட்டார்கள். நிறை கூட ஏறிய கர்ப்பத்தில் பிறந்த பிள்ளையே நிறை கூடியதாக இருந்தது என்று 2010இல் அறிவித்தார்கள். பிறக்கும்போது மிகவும் பருத்த பிள்ளை பின்னாளிலும் பருமனாகும் வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு கூடலாம் என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. கர்ப்பத்துக்கு முன் இருந்த நிறையை உயரத்தோடு சேர்த்துக் கணக்கிடும் உடற்திணிவுச் சுட்டியை வைத்தே அதைச் சொல்வார்கள். அது 18.5க்குக் கீழே இருந்த மெலிந்த தாய் 12.5 முதல் 18 கிலோ வரை கூடவேண்டும். 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5 கிலோ போதும். அதற்கும் மேல் என்றால் இன்னும் குறைவு. முதல் மூன்று மாதங்களில் மேலதிகச் சாப்பாடு அநேகமாகத் தேவையே இல்லை. பிறகும் நாளுக்கு ஒரு சின்ன நேரச் சாப்பாட்டின் அளவுதான் கூடவேண்டும்.

இதை வாசித்துவிட்டுச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். கர்ப்பகாலம் மெலிவதற்கான காலம் அல்ல. மெலிந்த சகோதரிகள் இங்கே இன்னும் நிறையப் பேர். நான் பார்த்தவரையில் நிறை கூடுவதும் பல வீடுகளில் வசதியால் அல்ல, கையில் காசில்லாததால்தான். 2022 நெருக்கடியில் முட்டையும் மீனும் விலையேறியபோது வயிற்றை நிரப்பியது சோறும் மாவும் சீனியும். இருக்கிற ஒரு மீன்துண்டும் ஆம்பிளையின் கோப்பைக்குத்தான் போகும். கிளினிக்கில் தரும் திரிபோஷாவையும் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து வீட்டிலுள்ள எல்லோரும் சாப்பிட்டுவிடுகிறார்கள். தாய்க்கு மிஞ்சுவது சீனித் தேத்தண்ணி.

நான் சொன்ன மாமியார் இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப என்னத்தைக் குடுக்கிறது?" என்றார். பிஸ்கற்றுக்குப் பதிலாக அவித்த கௌபியோ பயறோ கடலையோ, இரண்டாம் தரச் சோற்றுக்குப் பதிலாக முருங்கையிலை வறையும் நெத்தலியும், தேத்தண்ணிக்குச் சீனி ஒரு கரண்டி, பின்னேரத்தில் வளவுக்குள் அரைமணி நேர நடை என்று மருத்துவமாதுவும் நானும் சேர்ந்து சொன்னோம். முருங்கை அவர் வேலியிலேயே நின்றது.

உங்கள் கர்ப்பகாலப் பதிவேட்டில் நிறைக்கான வரைபடம் உண்டு. ஒவ்வொரு கிளினிக்கிலும் உங்கள் புள்ளி எங்கே விழுகிறது என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள். முதற்பதிவிலும் ஆறாம் மாதமளவிலும் சீனிப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, அகப்பை அவர் கையில்தானே இருக்கிறது.