மேய்க்கிற கைக்கே ஆடும் சொந்தமாகட்டும்

கொடைக்கானல் நகரை ஒட்டிய வில்பட்டி ஊராட்சியில், படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் விளைகின்றன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த மலைக் கிராமங்களின் பெருமை. அந்தப் பூண்டுக்குக் களை எடுத்து, மண் அணைத்து, பிடுங்கிக் கட்டும் கூலித் தொழிலாளர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு படி வயல்கூட இல்லை. அடைமழை பிடித்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு, வாசலில் கட்டியிருக்கும் நாலு ஆடுகள்தான் சேமிப்பு. ஆஸ்பத்திரிச் செலவா, காலேஜ் பீஸா, ஒரு கிடாவை ஓட்டிப் போய் விற்று வந்துவிடலாம். யாரிடமும் வட்டிக்குக் கைநீட்ட வேண்டியதில்லை.

ஆனால் ஆடு மேய்ப்பது வேறு, ஆட்டுக்குச் சொந்தக்காரராக இருப்பது வேறு. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

1931-ல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது 11 தடைகளை விதித்தனர். அப்போதைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச்.ஹட்டன் இதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. மிராசுதாரின் மாடுகளை மேய்க்க மட்டுமே அனுப்ப வேண்டும். சொந்த நிலம் வைத்திருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பவை அவற்றில் சில. மேய்க்கும் வேலை இவர்களுக்கு, மந்தை அவர்களுக்கு என்பதே அந்த ஏற்பாடு.

வாரக் கணக்கு

இன்றும் கிராமங்களில் ‘வாரத்துக்கு வளர்ப்பது’ என்ற வழக்கம் இருக்கிறது. தாய் ஆடு பணம் போட்டவருடையது. மேய்ப்பு, தண்ணீர், இரவுக் காவல், பிரசவம் பார்ப்பது எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. பிறக்கும் குட்டிகளில் பாதி ஆளுக்கு. தாய் ஆடு கடைசிவரை முதலாளிக்கே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். நல்ல பராமரிப்பில் 2 ஆண்டுகளில் 3 ஈத்து எடுக்கலாம். மூன்று பெட்டைகள், ஈத்துக்கு இரண்டு குட்டி என்றால் 18 குட்டிகள். ஒற்றைக் குட்டி, சாவு என்று கழித்தாலும் 10, 12 நிற்கும். வாரத்தில் வளர்த்தால் அதில் பாதி போய்விடும். தாய் ஆடு சொந்தமானால் அத்தனையும் உழைத்த வீட்டுக்கே.

இதற்கு வழி செய்ததுதான் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டம். ஐந்தாண்டுகளில் 7 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடுகள் என்பது இலக்கு. பயனாளிகளில் 30 சதவீதம் ஆதிதிராவிடர், பழங்குடியினர். 2021-22-ல் ஆதரவற்ற, கைம்பெண், கணவரால் கைவிடப்பட்ட பெண்கள் 38,800 பேருக்குத் தலா 5 ஆடுகள் வழங்க ரூ.75.63 கோடி ஒதுக்கப்பட்டது. ஆடு வீடு வந்து சேர்வது முதல் படிதான். அது பிழைத்துப் பெருகினால்தான் சொத்து.

மலையில் ஆடு பிழைக்க

வில்பட்டி போன்ற ஊர்களில் ஆட்டுக்கு முதல் எதிரி ஈரமும் குளிரும். சமவெளிச் சந்தையில் வாங்கிய ஆட்டை மழையிலோ பனியிலோ மலையேற்றினால் சளி பிடித்து, நுரையீரல் காய்ச்சலில் விழும். கோடையில் வாங்குவதே நல்லது. வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டிப் பார்த்துவிட்டே மந்தையில் சேர்க்க வேண்டும்.

தரையில் கட்டாமல், இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த பரண் மேல் கட்டினால் மூத்திரமும் புழுக்கையும் கீழே விழுந்துவிடும், உடம்பு காய்ந்திருக்கும். வளர்ந்த ஆட்டுக்கு 10 சதுர அடி இடம் வேண்டும். காற்று வீசும் பக்கம் சாக்குப் படுதா போதும். கொட்டகையை முழுவதும் மூடிவிட்டால் மூத்திர நெடியே நோயைக் கொண்டுவரும்.

குட்டி பிறந்ததும் உடம்பைத் துடைத்து, தொப்புள்கொடியில் அயோடின் தடவி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி அதிலிருந்துதான் குட்டிக்குக் கிடைக்கிறது. முதல் சில நாள் உலர்ந்த வைக்கோல் பரப்பிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் குளிர் தாக்காது. சினை ஆட்டுக்குக் கடைசி ஒன்றரை மாதம் கூடுதல் தீவனம் தேவை. வயிற்றில் குட்டி வேகமாக வளர்வது அப்போதுதான்.

பனி காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு அவிழ்க்க வேண்டும். ஈரப்புல்லில் குடற்புழுவின் இளம் புழுக்கள் ஏறியிருக்கும். நத்தை மண்டிய ஓடைக்கரையில் மேய்ந்தால் ஈரலில் தட்டைப்புழு சேரும். மழைக்கு முன்னும் பின்னும் மருத்துவரைக் கேட்டுப் புழு நீக்க மருந்து கொடுப்பது அவசியம். மருந்தடித்த தோட்டத்துக் கேரட் தழை, முட்டைக்கோஸ் இலைகளை உடனே போடக் கூடாது. உண்ணிச்செடியும் ஆட்டுக்கு விஷம்.

ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று, நான்கு மாதக் குட்டியிலேயே தடுப்பூசி போட வேண்டும். துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும் மழைக்கு முன். அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

20 பெட்டைக்கு ஒரு கிடா போதும். இரட்டைக் குட்டியாகப் பிறந்த கிடாவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாவை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனே மகளோடு சேர்ந்து, குட்டிகள் வலுவிழக்கும். நாலு ஆடு வைத்திருக்கும் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல கிடாவை வாங்கிக்கொள்ளலாம். செம்மறி வளர்க்க விரும்புவோர், கொடைக்கானலில் இருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையத்தில், குளிர்ப் பகுதிக்கு ஏற்ற பாரத் மெரினோ இனத்தைப் பார்த்து வரலாம்.

விற்கும்போது பெட்டைக்குட்டியை நிறுத்தி, கிடாக்குட்டியை விற்க வேண்டும். வியாபாரியின் கண் மதிப்பை நம்பாமல் எடை போட்டு விலை பேசுங்கள். புரட்டாசியில் கறி விற்பனை குறைந்து ஆட்டு விலையும் இறங்கும். பக்ரீத், தீபாவளிக்கு முன் ஏறும். புழுக்கையும் காசுதான். ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்பது விவசாயிகள் அறிந்ததே.

மேய்ச்சல் நிலம் யாருக்கு?

இவ்வளவும் தெரிந்திருந்தாலும், மேய்க்க இடமில்லாவிட்டால் மந்தை பெருகாது. நிலமில்லாதவருக்குப் பொது நிலம்தான் புகல். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022-ல் உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்கு விதித்த தடை, பின்னர் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்கு என்று வரையறுக்கப்பட்டது. ஆகவே ஊரில் மிச்சமிருக்கும் மேய்ச்சல் புறம்போக்கின் மதிப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது. அது ஆக்கிரமிக்கப்பட்டால் முதலில் பட்டினி கிடப்பது நிலமில்லாதவரின் ஆடுதான்.

பொது இடத்தில் மேய்க்கவோ, பொது நீர்நிலையில் தண்ணீர் காட்டவோ கூடாது என்று ஆதிதிராவிடர், பழங்குடியினரைத் தடுப்பது குற்றம். 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், ஊரின் பொதுச் சொத்துகளை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் வன்கொடுமையாகச் சேர்த்திருக்கிறது.

அரசுத் திட்டங்களும் சிறு மந்தைக்கு இறங்கி வர வேண்டும். தேசிய கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டத்தில் 50 சதவீத மானியம் பெற, குறைந்தது 100 பெட்டையும் 5 கிடாவும் கொண்ட பண்ணை வேண்டும். அத்தனைக்கும் நிலமும் வங்கிக் கடனும் கூலித் தொழிலாளிக்கு எங்கிருந்து வரும்? தாட்கோ மூலம் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.3.5 லட்சம் மானியம் தரும் முதல்வரின் தொழில்முனைவுத் திட்டத்தில் சிறிய பண்ணைக்கும் கேட்டுப் பார்க்கலாம்.

படிக்கிற பிள்ளைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நோட்டில், எந்த ஆடு எப்போது கிடா சேர்ந்தது, எப்போது ஈன்றது, எந்தத் தடுப்பூசி எந்தத் தேதியில், எவ்வளவு எடைக்கு என்ன விலை என்று எழுதி வையுங்கள். கடன் கேட்கவும் காப்பீடு கேட்கவும் அந்த நோட்டு கைகொடுக்கும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், ஊரின் மேய்ச்சல் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்று மனு எழுதி, வீட்டுப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். தீர்மானப் பதிவேட்டில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.