நிலக்காற்றில் பாய்ப்பலகை

பாய் பொருத்திய பலகைமீது நின்று காற்றின் விசையால் நீரில் விரைவதே விண்ட்சர்ஃபிங். நிலத்திலிருந்து கடல்நோக்கிக் காற்று வீசுங்கால் கரையோர நீர் அலையடங்கியிருக்கும். அவ்வமைதியே ஆபத்து, களைத்தவரை அக்காற்று நடுக்கடலுக்குத் தள்ளிவிடும்.

எனவே இடம் தேர்வோர் இரண்டைக் கருத வேண்டும். காற்று வரும் திசை வெளியாயிருத்தல் வேண்டும். அது போகும் திசையில் மறுகரை வேண்டும். நம் ஏற்காடு ஏரியில் மறுகரை அருகிலுண்டு. ஆயின் சூழ்ந்த மலையும் மரங்களும் காற்றைச் சிதறடிக்கும்.

தனுஷ்கோடியோ தாழ்ந்த மணல்திட்டு. தென்மேற்குப் பருவக்காற்று மன்னார் வளைகுடாவில் அலையெழுப்பி, மணலைக் கடந்து, வடபுறம் பாக் விரிகுடாவின் அமைதியான நீர்மேல் சீராக வீசும். வாடைக்காலத்தில் இந்நிலை தலைகீழாகும். ஆனால் அங்கே மறுகரை வெகுதொலைவு. ஆகவே மீனவரிடம் காற்றின் போக்கைக் கேட்டறிந்து, துணைப்படகுடன் மட்டுமே இறங்குதல் நன்று.