வீடியோப் படமும் வீட்டுக் கணிப்பொறியும்

திருமணத்தையோ குழந்தையின் அரங்கேற்றத்தையோ கைபேசியில் படம் பிடித்து, வேண்டாத பகுதிகளை நீக்கி, இசையும் எழுத்தும் சேர்த்து உறவினர்க்கு அனுப்புவது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. ஊரைப் பிரிந்து வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இத்தகைய படம் ஒரு நீண்ட கடிதத்துக்கு ஒப்பாகும். ஆனால், தொகுத்தவற்றை ஒரே படமாக ஆக்கும் இறுதிக் கட்டத்தில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. இதனை ரெண்டரிங் என்பர். மணிக்கணக்கில் காத்திருந்து சலித்தவர், புதிய கணிப்பொறி வாங்குவதே வழி என்று முடிவு செய்கிறார். அம்முடிவுக்கு வருமுன், தாமதம் எங்கே உண்டாகிறது என்று ஆராய்தல் நலம்.

விநாடிக்கு 25 பிரேம்கள் வீதம் கணக்கிட்டால், பத்து நிமிஷப் படத்தில் 15,000 பிரேம்கள் உள்ளன. முழு எச்.டி. அளவில் ஒரு பிரேமுக்கு 20,73,600 புள்ளிகள். 4கே அளவில் அதைப் போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு பிரேமையும் கணிப்பொறி முதலில் சுருக்கத்திலிருந்து விரிக்கிறது. பிறகு நிறத் திருத்தம் முதலிய மாற்றங்களைச் செய்கிறது. முடிவில் மீண்டும் சுருக்குகிறது.

இம்மூன்றும் பந்தி விசாரிப்பது போன்றவை. சோறு வேகாமல் இருக்கும்போது பரிமாறுவோரைப் பெருக்கிப் பயன் என்ன? ஒரு படத்துக்கு ஆகும் 60 நிமிஷத்தில் 40 நிமிஷம் மாற்றங்களுக்கே செலவாகிறது என்று கொள்வோம். மற்ற வேலைகளை நொடியில் முடித்தாலும் அந்த 40 நிமிஷம் குறையாது. 1967ஆம் ஆண்டில் ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்கப் பொறியியலார் கணிப்பொறிகளைப் பற்றி எடுத்துரைத்த வாதத்தின் சாரமும் இதுவே.

ஆகவே, படத்தில் ஒரு நிமிஷப் பகுதியை மட்டும் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். முதலில் உள்ளவாறே ரெண்டர் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், சேர்த்த மாற்றங்களையெல்லாம் நிறுத்திவிட்டு மீண்டும் செய்யுங்கள். நேரம் பெரிதும் குறைந்தால் தாமதம் மாற்றங்களில் உள்ளது. படத்தின் மாசு நீக்குதலும் நடுக்கம் நீக்குதலும் மிகுந்த உழைப்பைக் கேட்பவை. தேவையான காட்சிகளுக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

நேரம் குறையவில்லையெனில், பெரும்பாலும் சுருக்கும் வேலையே காரணம். சுருக்கும் முறை எல்லாப் பிரேம்களையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. அடுத்தடுத்த பிரேம்களில் எது எங்கே நகர்ந்தது என்று தேடி, வேறுபாட்டை மட்டும் குறிக்கிறது. இத்தேடலே நேரத்தை விழுங்குகிறது. 2003இல் வந்த எச்.264 முறையைவிட, 2013இல் வந்த எச்.265 ஏறத்தாழப் பாதி அளவில் அதே தரத்தைத் தருகிறது; ஆனால் கணக்கிடும் உழைப்பு மிக அதிகம். விரைவு வேண்டுவோர் எச்.264ஐக் கொள்ளலாம்.

இந்தத் தேடலுக்கென்றே தனிச் சுற்று அமைந்த சில்லுகளும் உண்டு. இன்டெல் நிறுவனம் 2011இலும் என்விடியா நிறுவனம் 2012இலும் இவ்வசதியைக் கொணர்ந்தன. உங்கள் கணிப்பொறியில் இது இருந்தும் தொகுக்கும் மென்பொருளின் அமைப்பில் தேர்ந்தெடுக்கப்படாமல் இருக்கலாம். இதனால் வேகம் பன்மடங்கு கூடலாம். அதே தரத்துக்குக் கோப்பு சற்றுப் பெரிதாகும்.

வெட்டி ஒட்டுவது மட்டுமே வேலையானால் மீண்டும் சுருக்கவே தேவையில்லை. எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளதை அப்படியே நகலெடுக்கும். முழுப் பிரேம் வரும் இடங்களில்தான் வெட்ட முடியும் என்பதே குறை. கைபேசியில் காணும் உறவினர்க்கு 4கே அளவும் வேண்டியதில்லை. மடிக்கணிப்பொறியாயின், காற்றுத் துளைகளில் தூசு அடையாமல் காக்க வேண்டும். சூடேறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் தாமதம் நீடிக்குமாயின், அப்பொழுது புதியது வாங்கலாம். எந்தப் பாகத்துக்காகப் பணம் செலவிடுகிறோம் என்பதேனும் அப்போது தெளிவாகத் தெரிந்திருக்கும்.