அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் கீரை

பேரங்காடியில் சிறு பெட்டியில் அடைத்து விற்கும் நுண்கீரையின் விலையைப் பார்த்தால், அது பெரிய உணவகங்களுக்கு மட்டுமே உரியது என்று தோன்றும். ஆனால் கடுகு, வெந்தயம், கொத்தமல்லி, பச்சைப் பயறு என அதற்கான விதைகள் பல நம் சமையலறையிலேயே இருக்கின்றன. எங்கள் வீவக வீட்டுச் சன்னலோரம் நான் வளர்ப்பவையும் இவைதான்.

‘மைக்ரோகிரீன்ஸ்’ எனப்படும் நுண்கீரையும் முளைகட்டிய பயறும் ஒன்றல்ல. முளைப் பயற்றை வேரோடு உண்கிறோம். நுண்கீரையை வெளிச்சத்தில் வளர்த்து, முதல் இலைகள் விரிந்ததும் தண்டோடு நறுக்கி எடுக்கிறோம்.

உணவு வாங்கி வந்த பெட்டியின் அடியில் துளையிட்டு, இரு விரற்கடை உயரத்துக்குத் தென்னை நார்த்தூளை நிரப்புங்கள். வெந்தயத்தையும் பயற்றையும் இரவு ஊறவையுங்கள். கொத்தமல்லி விதையை இரண்டாக உடையும்படி மெல்லத் தேய்த்துக்கொள்ளுங்கள். விதைகளை நெருக்கமாகத் தூவி, ஈரம் தெளித்து, முளைவிடும்வரை மூடிவைத்து, பிறகு வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். கடுகும் வெந்தயமும் 7 முதல் 10 நாள்களில் தயாராகிவிடும். கொத்தமல்லிக்கு இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும்.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, அடித்தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது. நுண்கீரை வளரும் அதே ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசுவும் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற்றுவிடும். இரண்டாவது, தோட்டக்கலைக் கடை விதைகளில் பூஞ்சைக்கொல்லி பூசப்பட்டிருக்கலாம். உண்பதற்கென விற்கும் விதைகளையே வாங்குங்கள். மூன்றாவது, தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளை உண்ணக்கூடாது. அவற்றின் இளந்தளிரில் நச்சுத்தன்மை உண்டு.

சமையலில் நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே: அடுப்பை அணைத்த பிறகுதான் நுண்கீரை. சூட்டில் வைட்டமின் சி குறையும்; கடுகுத் தளிரின் காரமும் போய்விடும். தயிர்சாதத்தில் கடுகைத் தாளித்து, ஆறியதும் கடுகுத் தளிரையும் தூவினால், ஒரே விதையின் இரு சுவைகள் கிடைக்கும். இறக்கிவைத்த பருப்புக் குழம்பில் வெந்தயத் தளிர் இலேசான கசப்போடு சேரும். பயற்றுத் தளிரைத் துருவிய தேங்காய், கேரட்டோடு கலக்கலாம். உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் பரிமாறும்போது சேர்த்தால் துவளாது. மீ கோரெங்கின் மேலும் கடுகுத் தளிர் பொருந்தும். பச்சையாக உண்பதால் நன்கு கழுவுங்கள்.

சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்களும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் 25 வகை நுண்கீரைகளை ஆராய்ந்து 2012ல் வெளியிட்ட முடிவில், அவற்றுள் பலவற்றில் முதிர்ந்த இலைகளைவிட வைட்டமின்கள் செறிந்திருந்தது தெரிந்தது. ஆனால் நாம் தூவுவது ஒரு கைப்பிடி மட்டுமே. தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கவேண்டும் என்கிறது சுகாதார மேம்பாட்டு வாரியம். அந்தப் பாதியை நுண்கீரையால் நிரப்ப முடியாது. முருங்கைக்கும் பசலைக்கும் அது மாற்றும் ஆகாது.

அப்படியானால் எதற்கு இந்த வேலை? வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் நாள்களில் கீரை ஆய உட்காருவது நடக்காத காரியம். அன்று வெறும் பருப்பும் முட்டையும்தான் என்றாகும்போது, ஒரு நறுக்கில் பச்சை நிறம் தட்டுக்கு வருகிறது. கீரை என்றாலே முகம் சுளிக்கும் என் மகள், தான் தண்ணீர் தெளித்த தட்டிலிருந்து வெட்டியதைத் தோசைமேல் அவளே தூவிக்கொள்கிறாள். அந்தப் பழக்கம் நாளை ஒரு கிண்ணப் பொரியலையும் ஏற்கவைக்கும் என்று நம்புகிறேன்.

தொடங்க விரும்புவோருக்குக் கடுகே எளிது. இரண்டு தேக்கரண்டி போதும். இந்தச் சனிக்கிழமை தூவினால், அடுத்த வாரயிறுதித் தோசைக்குத் தளிர் வந்துவிடும்.