நேராக அறுப்போம், பலகையை மிச்சம் பிடிப்போம்

சம்பூர் மக்கள் 2006இல் யுத்தத்தால் ஊரை விட்டுப் போனார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணி திரும்பக் கிடைத்தபோது, வீடுவாசலைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. லயத்திலிருந்து தனிவீட்டுக்குப் போகும் நமக்கும் அந்த வேலை உண்டு. சுவர் எழும்பியதும் கதவு, ஜன்னல் என்று பலகை வேலை வந்துவிடும். ஒரு வெட்டு கோணினாலும் நட்டம் நமக்குத்தான்.

கையால் ஓட்டும் மின்வாள் கோட்டை விட்டு விலகத்தான் பார்க்கும். 'ட்ராக் சோ' எனும் வாள் ரயில் மாதிரி அலுமினியத் தண்டவாளத்தில் ஓடுவதால் விலகாது. தண்டவாளத்தைச் சரியாக வைப்பதுதான் முக்கியம்.

பலகையின் இரண்டு முனையிலும் அளந்து குறி போடுங்கள். நமக்குத் தேவையான துண்டின் மேல் தண்டவாளத்தை வைத்து, அதன் ரப்பர் விளிம்பை இரண்டு குறியோடும் சேர்த்து, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அப்போது வாள் தின்னும் இரண்டு மில்லிமீட்டர் கழிவுத் துண்டில் போகும். வாளின் பல் பலகைக்குக் கீழே கொஞ்சமாகத் தெரிந்தால் போதும். வெட்டுக்கு இரண்டு பக்கமும் அடியில் முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் பலகை தொய்ந்து வாளை நெரிக்கும், வாள் நம் பக்கம் எகிறும்.

ட்ராக் சோ இல்லையா? சாதாரண மின்வாளின் அடித்தட்டு ஓரத்திலிருந்து பல் வரை அளந்து, குறியிலிருந்து அதே தூரத்தில் நேரான சட்டமொன்றை இறுக்கி, அதை ஒட்டி ஓட்டுங்கள். முதலில் கழிவுப் பலகையில் அறுத்துப் பாருங்கள்.

கண்ணாடி போடாமல் அறுக்காதீங்க. பிளக்கைக் கழற்றாமல் வாளின் பல்லைத் தொடாதீங்க. பிள்ளைகளைக் கிட்ட விடாதீங்க. பலகை போனால் வேறு வாங்கலாம். கொழுந்து பறிக்கும் விரல் போனால் வராது என்பதை அன்போடு நினைவூட்டுகிறோம்.