வராகனில் எழுந்தருளிய பெருமாள்

1514-ஆம் ஆண்டு உதயகிரிக் கோட்டையை வென்று திரும்பிய கிருஷ்ணதேவராயர், தம் தேவியர் இருவருடன் திருமலைக்கு வந்தார். திருவேங்கடமுடையானுக்கு 30,000 பொற்காசுகளால் கனகாபிஷேகம் செய்வித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

விஜயநகரப் பொற்காசுக்கு வராகன் என்று பெயர். எடை ஏறத்தாழ 3.4 கிராம், அளவு சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. அத்துணைச் சிறிய பரப்பில் எம்பெருமானின் திருவுருவம் எவ்வாறு பதிந்தது?

நம் நாட்டின் மிகப் பழைய காசுகள் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. வெள்ளித் தகட்டைத் துண்டுகளாக வெட்டுவர். எடை மிகுந்தால் மூலையை நறுக்கிச் சரிசெய்வர். பின்னர் சூரியன், மலை, மரம், எருது முதலிய சின்னங்களை ஒவ்வொன்றாக அடித்துப் பதிப்பர். இவையே முத்திரைக் காசுகள். முழு உருவத்தையும் ஒரே அடியில் பதிக்கும் அச்சுமுறை பின்னர் பரவியது.

வராகன் இம்முறையில் உருவானதே. அக்கசாலையில் இரண்டு அச்சுகள் இருக்கும். அவற்றில் திருவுருவத்தைக் குழிவாகவும், எழுத்துகளை இடவலம் மாற்றியும் செதுக்கியிருப்பர். ஓர் அச்சு பட்டறையில் அசையாது பொருந்தியிருக்கும். எடை பார்த்த பொன் வில்லையை அதன்மேல் வைத்து, மற்றோர் அச்சைக் கையால் பிடித்து, சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். கை சற்றே விலகினாலும் உருவம் ஒருபுறம் ஒதுங்கிவிடும். அச்சைவிட வில்லை சிறிதாயின், திருமுடியோ திருவடியோ விளிம்புக்கு வெளியே போய்விடும். எனவே, ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகள்கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை.

நாணயம் சேகரிப்போர் முதலில் நோக்குவது இதையே. திருவுருவம் நடுவில் முழுமையாக அமைந்த காசு அரிது, மதிப்பும் மிகுதி. அடுத்து, எழுத்துகளின் கூர்மையைப் பார்ப்பர். கிருஷ்ணதேவராயரின் வராகனில் ஒருபுறம் அமர்ந்த திருக்கோலத்தில் தெய்வ உருவம். மறுபுறம் ‘ஸ்ரீ பிரதாப கிருஷ்ணராய’ என்ற நாகரி எழுத்து. அவ்வுருவம் பாலகிருஷ்ணன் என்பது அறிஞர் பலரின் கருத்து. உதயகிரியிலிருந்து கொணர்ந்த பாலகிருஷ்ண மூர்த்தியை மன்னர் 1515-இல் ஹம்பியில் பிரதிஷ்டை செய்தார் என்பதை அவர்கள் சான்றாகக் காட்டுவர்.

1586 முதல் 1614 வரை ஆண்ட வேங்கடபதிராயரின் வராகனோ இன்னும் நெகிழ்விப்பது. முன்புறம் தோரணத்தின்கீழ் நின்ற திருக்கோலத்தில் பெருமாள். பின்புறம் மன்னர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஸ்ரீ வேங்கடேச்வராய நம:’ என்ற வணக்கம்! சந்தையில் கைமாறிய ஒவ்வொரு காசும் திருநாமத்தைச் சுமந்து சென்றது.

அடித்த காசையும் வார்த்த போலியையும் பிரித்தறிவது கடினமன்று. சம்மட்டி அடியில் பொன் விரிவதால் விளிம்பில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக நிற்கும். வார்ப்பிலோ எழுத்துகள் மழுங்கியிருக்கும். பரப்பில் காற்றுக்குமிழித் துளைகளும், விளிம்பில் இணைப்புக் கோடும் காணலாம். எடையும் பெரும்பாலும் மாறுபடும்.

பக்தர்கள் அறிய வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்த செப்பு, பித்தளை வில்லைகளை 1818-ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அரையணா என்றும், அபூர்வ சக்தி வாய்ந்தவை என்றும் கூறி இலட்சக்கணக்கில் விலை பேசுவோர் உளர். கம்பெனி அத்தகைய காசை வெளியிட்டதே இல்லை. பூஜையில் வைத்து வணங்கத் தடையில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்குவதுதான் பிழை.

பாட்டனார் காலத்துக் காசு வீட்டில் இருப்பின், புளியாலோ சாம்பலாலோ தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். அதனால் நுண்ணிய கோடுகள் அழிந்து, காசின் மதிப்பும் குறையும். மெல்லிய பருத்தித் துணியில் பொதிந்து வைத்தாலே போதும். தலைமுறை தலைமுறையாகச் சந்தனமும் குங்குமமும் இட்ட விரல்கள் பட்டுத் தேய்ந்திருந்தால், அத்தேய்மானமும் வழிபாட்டின் சுவடே அன்றோ!